வாயில்லாத அம்மன்

சுற்றி அமர்ந்திருப்போரே! சிறியோரே, பெரியோரே! நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். இன்று நான் சொல்லப் போவது தூங்க வைக்கும் கதை அன்று. தூங்குகிறவரைத் தட்டி எழுப்பும் கதை!

அரசர்கள் யானைமீது ஏறி நாடு பார்த்த அந்த நாளிலே, ஆம்பல்கோட்டை என்றொரு நாடு இருந்தது. வில்லவராயன் என்பவன் அதற்கு அரசன். அந்த நாட்டுக்கு ஆறு இல்லை, கடல் இல்லை, மலையருவியும் இல்லை. இருந்ததெல்லாம் ஓர் ஏரி. ஏழுகண் ஏரி என்று அதற்குப் பெயர். ஏழு மதகுகள், அந்த ஏழு மதகுகளால் வாழ்ந்தவை ஏழு ஊர்கள், அந்த ஏழு ஊர்களால் வாழ்ந்தவை அரண்மனையும் கோட்டையும் கொடியும்.

அந்த ஏரிக்கு ஒரு தெய்வம் உண்டு. கரைகாத்தாள் என்பது அவள் பெயர். கார்த்திகையில் ஏரி நிறைந்ததும் அவளுக்கு நிறைவிழா. ஏரிக்கரையின் அடியில் எடுத்த களிமண்ணால் அவளுக்கு ஆண்டுதோறும் புது உருவம் செய்வார்கள். மஞ்சள் பூசிப் பட்டு உடுத்தித் திரைக்குப் பின்னே நிறுத்துவார்கள். திரை விலகும். அரசன் தன் கையாலேயே பொங்கலை உருட்டி, அம்மன் வாயில் முதற்கவளம் ஊட்டுவான். அதுவரை பால்குடிக் குழந்தைகளைத் தவிர நாட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள்.

பெண் தெய்வத்துக்கு இவ்வளவு சிறப்பா! அப்படியானால் அந்த நாட்டுப் பெண்களுக்கு எவ்வளவு சிறப்பு இருந்திருக்கும் என்று எண்ணுகிறீர்களா? அங்கேதான் நீங்கள் ஏமாந்தீர்கள்!

பெண்ணானவள் ஏரிக்கரைமேல் ஏறக் கூடாது. பெண்ணானவள் ஏரியைப் பற்றிப் பேசக் கூடாது. பெண்ணானவள் சபையில் வாய் திறக்கவே கூடாது. தடைகள் மூன்று, மூன்றுக்கும் காரணம் ஒரே கதை.

என்ன கதை அது? அரண்மனைப் புராணிகர் ஞானமுத்தர் விழாவுக்கு முன் மூன்று நாள் அதைப் பாடுவார். பழங்காலத்தில் வஞ்சிக்கொடி என்றொருத்தி தலைவிரி கோலமாய்ச் சபைக்குள் ஓடிவந்தாளாம். ஏரியைப் பற்றித் தகாத சொல் ஒன்று சொன்னாளாம். அன்று மாலையே ஏரி உடைந்து ஊரெல்லாம் வெள்ளத்தில் போயிற்றாம். "பெண்ணின் நாக்குப் பட்டது, பெருங்கரை விட்டது" என்று அவர் முடிக்கும்போது ஆண்கள் தலையை ஆட்டுவார்கள், பெண்களும் ஆட்டுவார்கள். வீட்டில் ஒரு பெண் குழந்தை குரல் உயர்த்தி ஏதாவது கேட்டால், பெற்ற தாயே, "வாயை மூடடி, ஏரி உடைந்துவிடும்!" என்பாள்.

இப்படிப்பட்ட நாட்டிலேதான் செம்பாயி என்ற குயத்தி இருந்தாள்.

அவளுடைய கணவன் விருத்தன். அம்மன் உருவம் செய்யும் உரிமை அவன் குடும்பத்துக்கு உரியது. ஆனால் மூன்று ஆண்டுகளாக அவன் கைகளில் நடுக்கம். ஆகையால் மண் மிதித்தவள் செம்பாயி. உருவம் வனைந்தவள் செம்பாயி. மஞ்சள் பூசியவளும் செம்பாயி. விழா நாளில் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றவன் மட்டும் விருத்தன்!

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஏரி விளிம்புவரை நிறைந்து தளும்பியது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், மண் எடுப்பதற்காகச் செம்பாயி கரையின் அடிவாரத்துக்குப் போனாள். நான்காம் மதகுக்கு அப்பால், ஒரு புன்னை மரத்தடியில், கரையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

கசிவு புதிதன்று. நிறைந்த ஏரி கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்த நீர் எப்போதும் தெளிவாக இருக்கும். ஏழு நாளுக்கு முன்னும் தெளிவாகத்தான் இருந்தது. அந்த நீரைத்தான் மண் குழைப்பதற்காக ஒரு கலயத்தில் பிடித்து வைத்திருந்தாள். இன்றோ அது செந்நிறமாக, கலங்கலாக வந்தது! ஒரு கை அள்ளி விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். அது மேலே உள்ள செம்மண் அன்று. கரையின் வயிற்றில் இருக்கும் பசைமண்!

மண்ணோடு பிறந்து மண்ணோடு வளர்ந்தவளுக்கு யார் விளக்க வேண்டும்? தெளிந்த நீர் கசிந்தால் கரை வியர்க்கிறது என்று பொருள். கலங்கிய நீர் கசிந்தால் கரை உள்ளே அரிக்கப்பட்டுக் கரைகிறது என்று பொருள். இன்னும் நான்கு நாளோ, ஐந்து நாளோ! ஏழு ஊர்களும் போய்விடும்!

அவள் ஒரு கலயத்தில் கலங்கல் நீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"இங்கே பாருங்கள்! இப்போதே சபைக்குப் போய்ச் சொல்லுங்கள். மதகுகள் ஏழையும் திறந்து நீரை இறக்கச் சொல்லுங்கள்" என்றாள் கணவனிடம்.

விருத்தன் நல்லவன்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். சபையில் அமைச்சர் கேட்டார்: "கசிவை நீ கண்ணால் பார்த்தாயா?"

"நான் பார்க்கவில்லை, சாமி. என் வீட்டுக்காரி பார்த்தாள்."

சபை கொல்லென்று சிரித்தது. "என்ன விருத்தா! உன் வீட்டில் பானைதான் அவள் வனைகிறாள் என்று எண்ணினோம். உன் நாக்கையும் அவளே வனைந்து அனுப்பினாளோ?" என்றார் ஒருவர். விருத்தன் முகம் தொங்கத் திரும்பி வந்தான். முதல் கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் செம்பாயி ஏரி வாரியத்தாரிடம் போனாள். ஏரியைப் பராமரிக்கும் பெரியவர்கள் எழுவர் பலகைகளில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவள் பேசவில்லை. இரண்டு கலயங்களையும் அவர்கள் முன்னே வைத்தாள். ஒன்றில் தெளிநீர், ஒன்றில் கலங்கல். பிறகு கரைப்பக்கம் கையைக் காட்டினாள்.

வாரியத் தலைவர் கோடனார் பதறி எழுந்தார். "அடி ஆத்தே! கையால் காட்டுவதும் பேசுவதும் ஒன்றுதான்! நாங்கள் போய்ப் பார்த்தால் உன் சொல்லைக் கேட்டதாக ஆகிவிடும். கேட்டால் கரை உடையும். கலயத்தை எடு, தாயே, எடு!" என்றார். இரண்டாம் கதவும் சாத்தப்பட்டது.

மூன்றாம் நாள் புராணிகர் ஞானமுத்தரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சொன்னால் அரசன் கேட்பான். அவர் ஓலைச்சுவடியை மடியில் வைத்துக்கொண்டு இனிமையாகவே பேசினார். உருவம் வனைவது யார் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

"குழந்தாய், நீ நல்ல பெண். வனைகிற கைக்கு என் வணக்கம். ஆனால் ஏரியைக் காக்கக் கரைகாத்தாள் இருக்கிறாள். அவள் பார்த்துக்கொள்வாள். நீ வாயை மூடிக்கொண்டு போய் அவளுடைய திருவாயை அழகாகச் செய். அதுவே உனக்குப் புண்ணியம்."

மூன்றாம் கதவும் சாத்தப்பட்டது. செம்பாயி வீடு திரும்பினாள். அம்மன் உருவம் அரைகுறையாய் நின்றது. கண்கள் ஆகியிருந்தன; மூக்கு ஆகியிருந்தது. வாய் ஒன்றுதான் பாக்கி. புராணிகர் சொன்ன சொல் அவள் காதில் ஒலித்தது. வாயை மூடிக்கொண்டு போய் வாயைச் செய்! அவள் உருட்டி வைத்திருந்த களிமண் உருண்டையை எடுத்தாள், உற்றுப் பார்த்தாள், திரும்பவும் தொட்டிக்குள் போட்டாள்.

விடிந்தது விழா! பறை முழங்கியது, கொம்பு ஊதியது, ஏழு ஊர்ச் சனமும் பசித்த வயிற்றோடு கோயில் முற்றத்தில் திரண்டது. கிழக்கே கருமேகம் திரண்டிருந்தது. அரசன் வில்லவராயன் பொங்கலை உருட்டிக் கையில் ஏந்தினான். "விலகட்டும் திரை!" என்றான். விலகியது.

மஞ்சள் முகம், அகன்ற கண்கள், எடுப்பான மூக்கு. மூக்குக்குக் கீழே? ஒன்றுமே இல்லை! வழித்துவிட்ட தரைபோல வெறும் மண்!

அரசன் கை நீண்டது, தயங்கியது, அந்தரத்தில் நின்றது. நெய் வழிந்து முழங்கையில் இறங்கியது. ஊட்ட வாய் இல்லையே!

"எவன் செய்தான் இதை?" என்று இடிபோல முழங்கினான்.

பரிவட்டம் கட்டியிருந்த விருத்தன் முன்னே வந்தான். அவன் பொய் சொல்லவில்லை. "மகாராசா, மூன்று ஆண்டாக அம்மனைச் செய்கிறவள் என் மனைவிதான். நான் பரிவட்டத்துக்கு மட்டும்தான்" என்றான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செம்பாயியை முன்னே கொண்டுவந்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு கலயத்தோடு அவள் வந்தாள்.

"ஏன் வாய் வைக்கவில்லை?" என்றான் அரசன். அவள் பேசவில்லை.

"உன்னைத்தான் கேட்கிறேன். ஏன் வாய் வைக்கவில்லை?" அவள் பேசவில்லை.

"உயிர்மேல் ஆசையில்லையா? ஏன் வாய் வைக்கவில்லை?" அப்போதும் அவள் பேசவில்லை, அமைச்சரை நோக்கினாள்.

அமைச்சர் தலையைச் சொறிந்துகொண்டு, "அரசே, சபை நடுவே பெண் பேசக் கூடாது என்பது நம் சட்டம். அவள் சட்டத்தை மதிக்கிறாள்" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவர், "கேள்வி கேட்பதும் நீங்கள், வாயைப் பொத்துவதும் நீங்கள்! எங்களுக்குப் பசிக்கிறதய்யா!" என்று கத்தினார்.

அரசனுக்கு வேறு வழியில்லை. "அச்சட்டத்தை இந்த நாழிகைக்கு நான் நீக்குகிறேன். பேசு!" என்றான்.

"வேண்டாம், அரசே! ஏரி உடைந்துவிடும்!" என்று ஓடிவந்தார் ஞானமுத்தர்.

"பொங்கல் ஆறுகிறது, புராணிகரே. விலகும்!" என்றான் அரசன்.

செம்பாயி கலயங்களைக் கீழே வைத்தாள். அவளுடைய குரல் மணிபோல் எழுந்தது.

"மகாராசா! பெண் வாய் திறந்தால் ஏரி உடையும் என்று இந்த நாட்டில் பாடுகிறார்கள். அம்மனும் பெண்தானே? அவளுக்கு ஒரு வாயை வைத்து, அவள் தவறி ஏதாவது பேசித் தொலைத்தால் ஏழு ஊரும் என்ன ஆவது? அந்தப் பயத்தில்தான் வைக்கவில்லை."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி.

"அம்மன் வேறு, பெண் வேறு!" என்று சீறினார் ஞானமுத்தர்.

"மண் ஒன்றுதான், ஐயா. நான் தோண்டி எடுத்த கரைமண். போகட்டும். நீங்கள் படித்தவர், நான் மூன்று கேள்வி கேட்கிறேன். வஞ்சிக்கொடி சபையில் சொன்ன அந்தத் தகாத சொல் என்ன? சுவடியில் இருக்குமே!"

ஞானமுத்தர் பெருமையோடு சுவடியைப் புரட்டினார். "இருக்கிறது. 'கரை கரைகிறது, காப்பாற்றுங்கள்' என்றாள்."

"அதை ஏரி உடைந்த பிறகு சொன்னாளா, உடைவதற்கு முன்னா?"

"முன்தான். காலையில் சொன்னாள், மாலையில் உடைந்தது. அதைத்தானே பாடுகிறேன்!"

"அவள் சொன்னதற்கும் ஏரி உடைந்ததற்கும் நடுவே சபை என்ன செய்தது, ஐயா?"

ஞானமுத்தர் வாய் திறந்தார். ஓலையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நாற்பது ஆண்டுகளாக அவர் பாடிய வரி அது. மெல்லிய குரலில் படித்தார்: "சபையோர்... அவளை மயிரைப் பிடித்து வெளியே தள்ளி... விருந்துண்ண அமர்ந்தனர்."

கேட்டீர்களா? அவள் சொன்னதால் உடைந்த ஏரியா அது? அவள் சொன்னதை யாரும் கேளாததால் உடைந்த ஏரி!

செம்பாயி இரண்டு கலயங்களையும் அரசன் காலடியில் கவிழ்த்தாள். தெளிநீர் ஒரு பக்கம் ஓடியது. கலங்கல் ஒரு பக்கம் ஓடியது. "மகாராசா, இது பத்து நாளுக்கு முன் கசிந்தது, இது மூன்று நாளுக்கு முன் கசிந்தது. நான்காம் மதகுக்கு அப்பால், புன்னை மரத்தடி. இன்னும் ஒரு மழைக்குக் கரை தாங்காது. சொல்லிவிட்டேன். நானும் வஞ்சிக்கொடியும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறோம். நீங்களும் விருந்துண்ணப் போகிறீர்களா?"

அரசன் கவளத்தை இலையில் வைத்தான். "தாயே கரைகாத்தாளே, பொறுத்துக்கொள். கரையைப் பார்த்துவிட்டு வந்து ஊட்டுகிறேன்!" என்றான். அடுத்த கணம் பாய்ந்து ஓடினான்! அவன் பின்னே படை ஓடியது. படையின் பின்னே ஏழு ஊரும் ஓடியது!

புன்னை மரத்தடியில் இப்போது கசிவா இருந்தது? தொடை பருமனுக்குச் செந்நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது! கரைமேல் ஏறிப் பார்த்தவர்கள் ஏரியின் உட்புறத்தில் ஒரு சுழியைக் கண்டார்கள்.

"வெளியே அடைக்காதீர்கள்!" என்று கீழிருந்து கூவினாள் செம்பாயி. "வெளியே அடைத்தால் உள்ளே வேறு வழி தேடும். மதகுகளைத் திறவுங்கள்! சுழியில் வைக்கோல் கட்டு இறக்குங்கள், அதன்மேல் களிமண்! ஊற்றைச் சுற்றி வெளியே வளையமாக அணை போடுங்கள்!"

ஏழு மதகுகளும் திறந்தன. ஆண்கள் மண் சுமந்தார்கள், போதவில்லை. மழையின் முதல் துளி விழுந்தது. அரசன் கரைமேல் நின்று கீழே பார்த்தான். அங்கே ஆயிரம் பெண்கள், இரண்டாயிரம் கைகள், சும்மா நின்றன.

"ஏறுங்கள்!" என்றான் அரசன். ஒருத்தியும் அசையவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து காதில் ஏறிய கதை காலைப் பிடித்துக்கொண்டது.

"ஏறுங்கள்!" என்றான் மறுபடியும். யாருக்கும் துணிவில்லை.

மூன்றாம் முறை அவன் சொல்லுமுன் செம்பாயி ஒரு கூடைக் களிமண்ணைத் தலையில் தூக்கினாள். ஒரு காலைக் கரையில் வைத்தாள். மறுகாலை வைத்தாள். விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி நின்றாள். கரை உடையவில்லை! ஏரி பொங்கவில்லை! வானம் இடியவில்லை!

"பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, தூக்குங்களடி!" என்றாள். அவ்வளவுதான்! எறும்புச் சாரைபோல ஆயிரம் பெண்கள் கரையேறினார்கள். ஞானமுத்தரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக மண்கூடை சுமந்தார். சுழி நின்றது. ஊற்று மெலிந்தது. செந்நீர் தெளிந்து, தெளிந்து, துளியாயிற்று. பொழுது சாயுமுன் கரை பிழைத்தது! ஏழு ஊரும் பிழைத்தன!

சேறு பூசிய உடம்போடு எல்லோரும் கோயிலுக்குத் திரும்பினார்கள். செம்பாயி வீட்டுத் தொட்டியிலிருந்து களிமண்ணைக் கொண்டுவந்து இரண்டு விரலால் அழுத்தினாள். அம்மனுக்குச் சிரித்த வாய் அமைந்தது. அரசன் முதற்கவளத்தை ஊட்டினான். குலவை ஒலி வானைப் பிளந்தது.

பிறகு அவன் இரண்டாம் கவளத்தை உருட்டிக்கொண்டு செம்பாயியின் முன்னே வந்தான். "நீ பெண் அல்ல, தெய்வம்! கரையில் உனக்குக் கோயில் எழுப்புகிறேன். ஆண்டுதோறும் உன் சிலைக்கும் என் வம்சத்தார் கவளம் ஊட்டுவார்கள்!" என்றான். அதற்குள் ஒருவர் மஞ்சள் கொண்டுவந்தார். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். வாரியத் தலைவர் கோடனார் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார்.

செம்பாயி துள்ளிப் பின்வாங்கினாள்.

"ஐயோ, இது என்ன வம்பு! எழுந்திருங்கள், கோடனாரே! நேற்று வாயைப் பொத்தினீர்கள்; இன்று கல்லாக்கப் பார்க்கிறீர்கள். கல்லாகிவிட்டால் மட்டும் நான் பேச முடியுமா? ஆண்டுக்கு ஒரு நாள் ஊட்டிவிட்டு மற்ற நாள் கதவைப் பூட்டுவீர்கள். மகாராசா, எனக்குப் பசிக்கிறது. அந்தக் கவளத்தைக் கையில் கொடுங்கள், நானே தின்னுகிறேன்."

அரசன் திகைத்துக் கவளத்தை அவள் கையில் வைத்தான். அவள் தின்றுகொண்டே சொன்னாள்:

"கோயில் வேண்டாம். ஏரி வாரியத்தில் ஏழு பலகை போட்டிருக்கிறீர்கள். எட்டாவதாக ஒரு பலகை போடுங்கள். எனக்குப் பின் வேறொருத்தி வந்து உட்காரட்டும். அது போதும்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. சிலையென்றால் எல்லோருக்கும் சம்மதம். பலகையென்றால் பாதிப் பேருக்கு நெஞ்சடைத்தது! ஆனால் அரசன் தன் கையில் ஒட்டியிருந்த கரைமண்ணைப் பார்த்தான். "போடுங்கள் பலகையை!" என்றான். மூன்று தடைகளும் அன்றே நீங்கின.

அடுத்த வாரம் வாரியம் கூடியது. கோடனார் முனகிக்கொண்டே தள்ளி அமர்ந்து இடம் விட்டார். செம்பாயி எட்டாம் பலகையில் அமர்ந்தாள். ஆறாம் மதகின் அடைப்புப் பலகை உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள்.

"அதெல்லாம் இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும்" என்றார் கோடனார்.

"தாங்காது."

"தாங்கும் என்கிறேன்!"

"வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

எண்மரும் எழுந்து, ஒருவரோடொருவர் வாதாடியபடியே கரைமேல் நடந்து போனார்கள். அன்று அவளை யாரும் கும்பிடவில்லை. வழிநெடுக அவளோடு சண்டை போட்டார்கள். செம்பாயிக்கு அதுபோல ஓர் இன்பமான நாள் அதற்குமுன் வாய்த்ததே இல்லை!

ஆகவே, இக்கதையைக் கேட்ட அனைவரும் அறிய வேண்டிய நீதி இதுவே: பெண்ணைத் தெய்வமென்று கும்பிடுவதால் மட்டும் அவளை மதித்ததாக ஆகாது, அவள் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டு, சபையில் சரிசமமாக அமரச் செய்வதே அவளை மதிப்பதாகும்.